வாதாமரத்தடிக்கு நகர்ந்த புள்ளி

இந்தக் கதையில் பாதியை நான் நாலு வருடமாக நம்பவில்லை. என் பாதியை அல்ல. அது நானே செய்தது, நம்பாமல் தப்பிக்க வழியில்லை. நான் சந்தேகப்படுவது என் மனைவி சொன்ன பாதியை. அவள் சொன்னது மொத்தமே நாலு வாக்கியம். நாலிலும் ஒரு பிழை இல்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவன் நான். பிழையே இல்லாத விடைத்தாளைப் பார்த்தால் பக்கத்து பெஞ்சைத்தான் முதலில் பார்ப்பேன்.

என் பெயர் காசிமு. புவியியல் வாத்தியார். ஐம்பத்தைந்து வயதில் நானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டேன். அமைதி வேண்டும் என்றுதான். காலையில் வாசல் மாமரத்தடியில், என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, இஞ்சி டீ குடித்தபடி பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசைக்காரர்களை உலகம் எப்படியோ அனுமதித்துவிடுகிறது. சின்ன ஆசைக்காரனைத்தான் விடாமல் துரத்துகிறது.

அதே மாமரத்தின் மறுபக்க நிழலில் என் மனைவி சுஹூராவின் கடை. கடை என்றால் இரண்டு கரியடுப்பு, ஒரு பலகை, மூன்று முக்காலி. சப்பாத்தி, பீன்ஸ் குழம்பு, அரிசிப் பணியாரம், டீ. நாங்கள் இருப்பது டார் எஸ் சலாமில், மிகோமானிப் பகுதி. இங்கே சந்துகளுக்குப் பெயர் கிடையாது, வீடுகளுக்கு எண் கிடையாது. "பச்சைக் கதவு தாண்டுங்க, நாய் குரைக்கும், அடுத்த வீடு" என்பதுதான் விலாசம். நாய் செத்துப்போனால் நாலு குடும்பத்துக்கு விலாசம் போய்விடும்.

அதனால்தான் வரைபடம் வரையச் சொல்லிக்கொடுக்க கிசா என்று ஒரு பெண் வந்தாள். வருடா வருடம் மழையில் எங்கள் பள்ளம் நிரம்பி வழிகிறது. எங்கே சாக்கடை, எங்கே வீடு என்று ஊர்க்காரர்களே வரைபடம் வரைந்து இணையத்தில் போட வேண்டும் என்றாள். உலகமே சேர்ந்து வரைகிற தளமாம் அது. யார் வேண்டுமானாலும் வரையலாம். யார் வரைந்ததையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

"தப்பாப் போட்டா பிடிக்கறதுக்குப் போலீஸ் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாருமே போலீஸ் தான் சார்."

அங்கேயே எழுந்து வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாடம் கேட்டேன்.

"கண்ணால பாத்ததை மட்டும் போடுங்க சார். நடந்து போய்ப் பாத்துட்டு போடுங்க. உக்காந்த இடத்துலயே வரையறவங்களுக்கு எங்களுக்குள்ள ஒரு பேர் வச்சிருக்கோம். நாற்காலி வரைவாளர்."

"அது பட்டமா, திட்டா?"

"ஆளைப் பொறுத்தது சார்."

எதைப் போட்டாலும், எதை மாற்றினாலும் கீழே ஒரு கட்டம் வரும். 'ஆதாரம்' என்று கேட்கும். எப்படித் தெரியும் உனக்கு என்று அர்த்தம். நான் சாக்கடை போட்டேன், குழாயடி போட்டேன், மசூதி போட்டேன். ஒவ்வொன்றையும் நடந்து போய்ப் பார்த்து, 'நேரில் கண்டது' என்று எழுதினேன். பிறகு பெருமை தாங்காமல் மாமரத்தடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். 'பிலி அம்மா சமையல்.' பிலி எங்கள் மகள். டொடோமாவில் நர்ஸாக இருக்கிறாள்.

"பிலி அம்மா, இங்க பாரு."

"என்னங்க இது, கொசு கடிச்ச மாதிரி?"

"அது தான் நீ."

"நானா!"

"உன் கடை. இனிமே அமெரிக்காவுல இருக்கறவன் கூட உன் கடையைப் பாக்கலாம்."

"அவன் சப்பாத்தி வாங்க வருவானா?"

"அவன் எப்படி வருவான்?"

"அப்ப எதுக்கு அவனுக்குக் காட்டறீங்க?"

அமெரிக்காக்காரன் வரவில்லை. மற்ற எல்லோரும் வந்தார்கள். மூன்று சக்கர பஜாஜி ஓட்டுகிறவர்கள், துறைமுகத்துக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், கைபேசியைக் குத்தீட்டி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று முக்காலி பன்னிரண்டு ஆனது. நிழல் மட்டும் வளரவில்லை. என் பங்கு நிழலைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"பிலி அப்பா, கொஞ்சம் எழுந்திருங்களேன். இவருக்குக் கால்ல அடி."

"பிலி அப்பா, அந்தக் கப்பைக் குடிச்சு முடிச்சுக் குடுங்களேன். கப் பத்தல."

"பிலி அப்பா, பேப்பர்ல நடுப்பக்கம் படிச்சாச்சா? பணியாரம் மடிக்கணும்."

இதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு. அங்கே ஒரு வாதாமரம். சுஹூரா ஒருநாள் கேட்டாள்.

"அந்த மரத்தடி காலியாவே கிடக்குங்க. கடையை அங்க போட்டுக்கட்டுமா?"

"வாத்தியார் பொண்டாட்டி பஸ் ஸ்டாண்டுல போய் உக்காரவா?"

"உக்கார எங்க நேரம்? நின்னுக்கிட்டுத் தான் சுடணும்."

"முடியாது. நாலு பேர் என்ன நெனப்பாங்க?"

"சரி."

அந்தச் 'சரி'யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடம் கல்யாணம் ஆனவன் செய்யக்கூடாத தவறு அது.

கதைக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பல் தேய்த்துவிட்டு வாசலுக்கு வந்தால், என் நாற்காலியில் செஃபு என்ற பஜாஜிக்காரன். என் கப்பில் என் டீ. மடியில் என் பேப்பர். சந்தில் அவன் கூட்டாளிகள் ஆறு பேர், வண்டியிலிருந்து இறங்காமலே 'பீ பீ' என்று ஹார்ன் அடித்து பீன்ஸ் கேட்கிறார்கள்.

"சார், வாங்க வாங்க, உக்காருங்க," என்றான் செஃபு, எழுந்திருக்காமல்.

அன்றைக்குச் சபதம் எடுத்தேன். இந்தக் கூட்டத்தைக் கூட்டியது என் விரல். கலைப்பதும் என் விரலாகவே இருக்கும்! புள்ளியை அழித்துவிடலாமா? அழித்தால் தெரிந்துவிடும், கேள்வி வரும். நகர்த்திவிடலாம். தேடி வருகிறவன் வேறு எங்கேயோ போய் நிற்கட்டும். எங்கே நகர்த்துவது? இதில்தான் நான் ரொம்ப சாமர்த்தியமாக நடந்துகொண்டதாக அன்றைக்கு நினைத்தேன். அவளிடமே கேட்டேன்.

"பிலி அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒரு கடை எங்க இருந்தா ஆளுங்க தேடிட்டு, கிடைக்காம, அப்படியே போயிருவாங்க?"

மாவைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்கலாம்.

"ஸ்டாண்டுல."

"அங்க தான் எப்பவும் கூட்டமாச்சே?"

"கூட்டம் தான். ஆனா ரெண்டு நிமிஷம் தேடறதுக்குள்ள மினிபஸ் வந்துரும். ஏறிப் போயிருவான். பள்ளத்துல எறங்கி ஏறி இந்தப் பக்கம் எவன் வருவான்?"

"அட, ஆமா."

"அதுவும் அந்த வாதாமரத்தடி. பஸ் நிக்கற எடத்துக்கு நேர் எதிர்ல."

"நேர் எதிர்லயா?"

"நேர் எதிர்ல. எதுக்குங்க கேக்கறீங்க?"

"சும்மா."

"சும்மா தான? டீ ஆறுது பாருங்க."

நாற்காலி காலியானதும் அதில் உட்கார்ந்து, புள்ளியை விரலால் அழுத்தி, பள்ளத்தின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போய், வாதாமரத்தடியில் விட்டேன். பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரில். கட்டம் கேட்டது: ஆதாரம்? 'நேரில் கண்டது' என்று எழுதினேன். வாத்தியார் எழுதிய முதல் பொய்.

பலித்தது. ஒரு வாரத்தில் கூட்டம் பாதியானது. பத்தாம் நாள் பேப்பரில் ராசிபலன்வரை படித்தேன்.

"என்னமோ தெரியலீங்க, இன்னைக்கு இருபது சப்பாத்தி மீந்துருச்சு," என்று சுஹூரா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குற்ற உணர்ச்சியில் ஏழு சப்பாத்தி சாப்பிட்டேன். மறுநாள் எட்டு.

அப்போதுதான் பசித்தவன் வந்தான்.

அந்தத் தளத்தில் தப்பு கண்டால் அந்த இடத்திலேயே யாரும் ஒரு குறிப்பைக் குத்திவிட்டுப் போகலாம். வாதாமரத்தடியில் ஒரு குறிப்பு முளைத்திருந்தது. எழுதியவர் பெயர், 'பசித்தவன்.'

"இங்கே கடை இல்லை. மரம்தான் இருக்கிறது. மரத்தைச் சாப்பிட முடியாது."

எங்கள் பகுதிக் குறிப்புகளுக்குப் பதில் போடுவது நான்தான். "நன்றாகத் தேடவும்" என்று போட்டேன்.

"மரத்தை மூன்று தடவை சுற்றினேன். மூன்று தடவையும் அதே மரம்."

"கடை உள்ளது. நேரில் பார்த்தேன். இப்படிக்கு, உள்ளூர் ஆசிரியர்." குறிப்பை மூடினேன்.

மறுநாள் திறந்திருந்தது. "ஆசிரியரே, அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?"

"சப்பாத்தி, பீன்ஸ்."

"பீன்ஸ் எப்படி இருந்தது?"

பொய்யை நம்ப வைக்க இரண்டு உண்மை சேர்க்க வேண்டும் அல்லவா? "உப்புக் கொஞ்சம் குறைவு" என்று எழுதினேன். கூடவே, "கடையை நேரில் பார்த்தேன் என மீண்டும் உறுதி கூறுகிறேன்."

மறுநாள் காலை என் தட்டில் வந்த பீன்ஸில் உப்பு கரித்தது. வானிலை மாறியதைப் போல அதை ஏற்றுக்கொண்டு சாப்பிட்டேன். நான் முட்டாள் இல்லை. ஆனால் அப்போது நிம்மதியாக இருந்தேன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவதாக ஒருவர் உள்ளே வந்தார். எங்கேயோ பனி பெய்யும் நாட்டுக்காரர். அங்கே அவர் பெயர் 'நேர்கோடு.' "அன்புள்ள ஆசிரியரே, இந்த இடம் குறித்துச் சர்ச்சை இருப்பதால் தயவுசெய்து ஒரு புகைப்படம் சேர்க்கவும்" என்றார். படம் இல்லையென்றால் புள்ளி போகும். புள்ளி போனால், நான் இதுவரை போட்ட சாக்கடைகளையும் சந்தேகப்படுவார்கள். சாக்கடை நிஜம். வெள்ளத்துக்கு அது வேண்டும். ஒரு பொய்க்காக அத்தனை உண்மையும் போவதா? வாதாமரத்தடியில் ஏதாவது ஓர் அடுப்பைக் கடன் வாங்கி வைத்துப் படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். சுஹூரா கரி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு முன்பே போயிருந்தாள். மாமரத்தடியில் அடுப்புகள் இல்லை. அதை நான் பார்க்கவில்லை. எவ்வளவு அமைதி என்று மட்டும் நினைத்தேன்.

பள்ளத்தில் இறங்கி ஏறினேன். வாதாமரத்தடியில் நீலத் தார்ப்பாய். புது மரவாசனை போகாத இரண்டு நீள பெஞ்சு. ஆறு பஜாஜி. இருபது பேர் வரிசை. வரிசையின் முடிவில் என் அடுப்பு. அடுப்புக்குப் பின்னால் என் மனைவி.

"வாங்க பிலி அப்பா. படம் எடுக்க வந்தீங்களா?"

"நீ... இங்க..."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வரிசை போகட்டும்."

"யாரைக் கேட்டு இங்க வந்த?"

அப்போது சொன்னாள் அந்த நாலு வாக்கியத்தை.

"கடை இங்க இருக்கறதா போன்ல காட்டுதுன்னு செஃபு சொன்னான். அதைப் போட்டது யாருன்னு கேட்டேன், உங்க பேரைச் சொன்னான். வாத்தியார் போட்டா தப்பா இருக்காதேன்னு நெனச்சேன். அதான் கடையைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"நான் முடியாதுன்னு சொல்லியிருந்தேனே!"

"அது போன வருஷம் சொன்னது. இது போன மாசம் போட்டது. எது கடைசியோ அது தான செல்லும்?"

பெஞ்சிலிருந்து செஃபு வாய் நிறைய பணியாரத்தோடு சொன்னான். "அம்மா சொல்றது கரெக்டு சார். 'நேரில் பார்த்தேன்'னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டு வாட்டி. உலகமே பாத்துருச்சு."

வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என்ன சொல்ல முடியும்? பொய் சொன்னேன் என்று சொல்லலாம். எதற்கு என்று கேட்பார்கள். உங்களையெல்லாம் விரட்டத்தான் என்று, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும். படம் எடுத்தேன். சுஹூரா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். நேர்கோடு அன்றைக்கே பதில் போட்டார். "நன்றி. உங்களைப் போன்றவர்கள்தான் இந்தத் தளத்தின் தூண்கள்."

அதன்பிறகு வீட்டில் அமைதி வந்தது. நான் கேட்ட அதே அமைதி, கேட்ட அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக.

விடிவதற்குள் அவள் போய்விடுவாள். மேசைமேல் ஃப்ளாஸ்கில் டீ இருக்கும். ஃப்ளாஸ்க் டீயில் இஞ்சி இருக்கும், சூடு இருக்கும், 'ஆறுது பாருங்க' என்று சொல்ல ஆள் இருக்காது. பேப்பரை இருபது நிமிடத்தில் படித்துவிடலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முன்பு இரண்டு மணி நேரம் ஆனதற்குக் காரணம் குறுக்கே பேசிய அத்தனை பேர். மாம்பிஞ்சு விழும் சத்தம் கேட்கும். அடுத்த பிஞ்சுக்குக் காத்திருப்பேன். மதியத்துக்குமேல் அவள் வருவாள். ஸ்டாண்டில் நடந்ததைச் சொல்லுவாள். அங்கே எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்த கதைகள். அதன் மிச்சத்துக்கு நான் சிரிப்பேன்.

நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன் அல்லவா? நாலு வருடத்தில் அந்த நாலு பேரை நான் பார்க்கவே இல்லை. என்னை இப்போது 'பிலி அம்மா வீட்டுக்காரர்' என்கிறார்கள். பஸ்ஸில் இடம் தருகிறார்கள். அவள் முதன்முதலில் கேட்ட அன்றைக்கே சரி என்று சொல்லியிருந்தால், அடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே நான் போயிருப்பேன். அதை அவள் என்னிடம் கேட்டாள். நான் ஒரு கௌரவத்தைக் காப்பாற்றினேன். அது யாருடைய கௌரவம் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒருமுறை தாங்காமல் புள்ளியைத் திரும்ப மாமரத்தடிக்கே இழுத்துவிட்டேன். ஆதாரம்? கொஞ்ச நேரம் யோசித்து, 'நினைவு' என்று எழுதினேன். நேர்கோடு கோபித்துக்கொண்டார். "புகைப்படச் சான்றுள்ள கடையை நகர்த்துவது நாசவேலை." ஒரு வாரம் தடை போட்டார். பொய் எழுதியபோது தூண் என்றார்கள். ஏங்கி எழுதியபோது நாசக்காரன்.

தடை இருந்த வாரத்தில்தான் என் சந்தேகங்களை அடுக்க ஆரம்பித்தேன். தச்சனைக் கேட்டேன். அந்த இரண்டு பெஞ்சும் நான் புள்ளியை நகர்த்துவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்தவையாம். செஃபுவைக் கேட்டேன், ஏனப்பா ஸ்டாண்டில் நீங்கள் யாரும் ஹார்ன் அடிப்பதே இல்லை என்று. "அம்மா அடின்னா அடிப்போம், வேணாம்னா விட்டுருவோம் சார்" என்றவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கெட்டுப்போய்விட்டது என்று சுஹூரா சொன்ன பிலியின் பழைய கைபேசி, மாவு டப்பாவுக்குள் முழு சார்ஜோடு இருந்தது. பசித்தவன் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்புறம், அந்த உப்பு.

இத்தனையும் வைத்துக்கொண்டு நாலு வருடம் ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். இல்லை என்று சொன்னால், அதையும் நம்ப மாட்டேனோ என்று இன்னும் பயம். என் புத்தியால் நான் கெட்டேன் என்பதில்கூட ஒரு சின்ன மரியாதை இருக்கிறது. அதுவும் அவள் புத்தி என்றால் எனக்கு என்ன மிச்சம்?

போன செவ்வாய்க்கிழமை துணிந்தேன். ஒரே ஒரு கேள்வி. 'அந்தப் பசித்தவன் நீ தானே?' பேப்பரை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி ஏறி, வரிசையில் நின்றேன். பதினோராவது ஆள். கேள்வியை மனதுக்குள் திருத்திக்கொண்டே நகர்ந்தேன். கடைசியில் என் ஆதாரத்தின் முன்னால் போய் நின்றேன்.

"என்னங்க, ஃப்ளாஸ்க்ல டீ வச்சிட்டு வந்தேனே?"

"குடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. சீக்கிரம், சப்பாத்தி கருகுது."

"வாத்தியாரே, பஸ் வருது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இருங்கடா, என் வீட்டுக்காரர் பேசறார்," என்று அவள் கரண்டியைத் தூக்கினாள். வரிசை அடங்கியது. அவள் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. என் வயதுள்ள பஜாஜிக்காரன் ஒருவனும் கல்லூரிப் பெண்ணொருத்தியும் ஒரே பேப்பரை ஆளுக்கொரு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். வாதாமரத்தின் நிழல் எங்கள் மாமரத்தின் நிழலைவிடப் பெரியது. அதை நான் வரைபடத்தில் பார்த்ததில்லை.

சுஹூரா என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"என்ன, பசிக்குதா?"

நாலு வருடமாகத் தயாரித்த கேள்வி எங்கே போனதென்று தெரியவில்லை. வேறொன்றுதான் வாயில் வந்தது.

"பிலி அம்மா, என் நாற்காலியைத் தூக்கிட்டு வந்தா, இங்க எங்கயாவது போட எடம் இருக்குமா?"